ரெஸ்லிங் மேட்சின் நடுவில் வரும் ஹீட் பகுதி எதற்கு? 15 நிமிட மேட்சை எப்படி அடுக்குவது?

மூன்றாம்கயிறு:

வணக்கம் நண்பர்களே. நாங்க கொஞ்ச பேர் சேர்ந்து கற்பனை புக்கிங் போட்டி, அதாவது ரெஸ்லிங் மேட்சை கற்பனையா எழுதுற போட்டி, நடத்துறோம். ஆளுக்கு ஒரு சிங்கிள்ஸ் மேட்ச். மணி அடிச்சதுல இருந்து முடிவு வரைக்கும் 15 நிமிஷத்தை படிப்படியா எழுதிக் கொடுக்கணும். என் ஃபேஸ் (நல்லவன்) உயரம் கம்மி, வேகம் அதிகம், மேல் கயிற்றுல இருந்து பாயுற ஆள். ஹீல் (கெட்டவன்) அவரைவிட 30 கிலோ கூட. ராட்சசன் இல்லை, ஆனா சுலபமா தூக்கிப் போட முடியாத கனம்.

தொடக்கமும் முடிவும் ஓரளவு பிடிபட்டுடுச்சு. நடுவுல ஹீல் அஞ்சு நிமிஷம் அடிச்சுக்கிட்டே இருப்பாரே, அந்த ஹீட் பகுதிதான் கைக்கு அடங்கல. டி.வி.யில பார்க்கும்போது பல பேர் அந்த இடத்துலதான் ஃபோனை எடுக்குறாங்க. சின்லாக்கை (தாடையை இறுக்குற பிடி) போட்டு ரெண்டு பேரும் தரையில உட்கார்ந்துடுறாங்க. அதைத் தூக்கிட்டு அந்த நேரத்துக்கு இன்னும் நாலு நியர் ஃபால் (தோளைத் தரையில அமுக்கி பின் பண்ணும்போது மூணு எண்ணுறதுக்குள்ள தப்பிக்கிறது) வெச்சா என்ன கெட்டுப்போகும்?

இன்னும் ரெண்டு சந்தேகம். ஃபினிஷர்ல (மேட்சை முடிக்கிற தனி நகர்வு) இருந்து கிக்அவுட் (தோளைத் தூக்கித் தப்பிக்கிறது) கொடுக்கலாமா, கொடுத்தா எத்தனை? இதே மேட்சை டேக் டீமா (ரெண்டு ரெண்டு பேர், கை தொட்டு ஆள் மாறுறது) மாத்தினா அடுக்கு எப்படி மாறும்?

கார்னர்போஸ்ட்:

ஹீட்டை எடுத்துவிட்டால் கெட்டுப்போவது உங்கள் கடைசி நான்கு நிமிடம். எண்ணிக்கை இரண்டைத் தாண்டும்போது கூட்டம் இருக்கையை விட்டு எழுகிறது என்றால், இவன் தோற்றுவிடுவான் என்று அந்த நொடியில் பயப்படுகிறது. அந்தப் பயம் நடுப்பகுதியில்தான் சேர்கிறது. அடியே படாத ஒருவன் 2.9-இல் தோளைத் தூக்கினால் யாருக்கும் எதுவும் ஆகாது.

15 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம்: ஷைன் மூன்றரை நிமிடம், கட்-ஆஃப் அரை நிமிடம், ஹீட் ஐந்து, கம்பேக் (ஃபேஸ் திருப்பி அடிக்கும் பகுதி) இரண்டு, மீதி நான்கு கடைசிக் கட்டத்துக்கும் ஃபினிஷுக்கும்.

ஷைன் என்பது ஃபேஸின் கை ஓங்கியிருக்கும் பகுதி. இங்கே இரண்டு வேலை நடக்க வேண்டும். இவனால் என்ன முடியும் என்று கூட்டம் பார்க்க வேண்டும். இவனால் என்ன முடியாது என்பதும் பதிவாக வேண்டும். உங்கள் ஆட்களுக்கு இரண்டாவதுதான் பொக்கிஷம். முதல் நிமிடத்திலேயே ஃபேஸ் ஹீலைத் தூக்கப் பார்த்து முடியாமல் போகட்டும். ஹீல் சிரிக்கட்டும். அதோடு அதை விட்டுவிடுங்கள், நடுவில் திரும்ப எடுக்காதீர்கள். 13-ஆவது நிமிடத்தில் அவன் தூக்கிவிட்டால் அது சாதாரண பாடி ஸ்லாமாக இருந்தாலும் அரங்கம் அதிரும்.

கட்-ஆஃப் என்பது ஆட்டம் ஹீல் பக்கம் திரும்பும் ஒரே ஒரு கணம். புதிதாக எழுதுபவர்கள் அதிகம் சொதப்புவது இங்கேதான். வயிற்றில் ஒரு உதை, உடனே ஹீல் மேலே என்று எழுதிவிடுகிறார்கள். கூட்டத்துக்கு அது பதிவே ஆகாது. காரணமும் சத்தமும் இரண்டும் வேண்டும். ஃபேஸ் ஒரே பாய்ச்சலை இரண்டு முறை வெற்றிகரமாகச் செய்கிறான், மூன்றாவது முறை ஹீல் விலகிவிடுகிறான், ஃபேஸ் ரிங்குக்கு வெளியே தடுப்பில் போய் விழுகிறான். ஹீல் கற்றுக்கொண்டான் என்பதும் ஃபேஸ் அளவு மீறினான் என்பதும் கடைசி வரிசைக்கும் தெரிகிறது. ஏமாற்று வேலையாக இருந்தால், ரெஃபரீ பார்க்காத பக்கம் நடந்து கூட்டம் பார்க்கிற பக்கம் இருக்க வேண்டும்.

ஹீட்டில் ஒரே ஒரு உடல் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். ஃபேஸ் எதை வைத்து ஜெயிப்பானோ அதைப் பறிக்கும் பகுதியாக அது இருக்க வேண்டும். பாய்கிற ஆள் என்றால் முதுகு அல்லது முழங்கால். முழங்கால் என்றால் இடது கால் என்று எழுதுங்கள், அமெரிக்க முறையில் பயின்றவர்கள் இடது பக்கத்தில்தான் வேலை செய்வார்கள். கழுத்து, கை, கால் என்று மூன்றையும் அடித்தால் மூன்றுமே மறந்துபோகும். வேகத்தையும் குறையுங்கள். அடி, நடை, கூட்டத்தைப் பார்வை, மறுபடி அடி. அந்த நடைதான் கூட்டத்துக்குக் கத்த நேரம் கொடுக்கிறது. அடுத்தடுத்து ஆறு அடி என்று ஓட்டினால் அவர்கள் வாயை மூடிக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

இந்த ஐந்து நிமிடத்துக்குள் இரண்டு ஹோப் ஸ்பாட். ஃபேஸ் எழப் பார்த்து மறுபடி விழும் இடங்கள் அவை. முதலாவது சிறியது: இரண்டு மூன்று குத்து, ஐந்தாறு வினாடி, ஹீலின் கனத்தால் நிற்கட்டும். இரண்டாவது 15, 20 வினாடி போகட்டும், கிட்டத்தட்ட வென்றுவிட்டான் என்ற அளவுக்கு. அது ஏமாற்றால் நிற்கட்டும். இரண்டையும் ஒரே மாதிரி, உதாரணமாகக் கண்ணில் விரல் விட்டு, நிறுத்தினால் இரண்டாவதில் கூட்டம் களைத்துவிடும். மூன்றாவது முறை எழும்போது நிற்காமல் அப்படியே கம்பேக்காக மாறிவிட வேண்டும். நான்கு ஐந்து ஹோப் ஸ்பாட் வைத்தால் கம்பேக் எது என்றே தெரியாமல் போகிறது.

சின்லாக் பற்றி: அது மூச்சு வாங்கவும், அடுத்து வருவதைக் காதோடு காதாகச் சொல்லிக்கொள்ளவும் உதவுகிறது, உண்மைதான். கூட்டத்துக்கும் அதில் வேலை இருக்கிறது. கைத்தட்டி, காலால் தரையைத் தட்டி ஃபேஸை எழுப்பும் இடம் அதுதான். அதற்கு ஃபேஸ் உயிரோடு இருக்க வேண்டும்: விரல்கள் கயிற்றைத் தேடட்டும், ஒரு முட்டி மேலே வரட்டும், ஹீல் தன் எடையை மேலே சாய்த்து மறுபடி அமுக்கட்டும், முடியைப் பிடிக்கட்டும். ரெண்டு பேரும் சிலையாக உட்கார்ந்தால் ஃபோன் வெளியே வருவதில் வியப்பில்லை. ஒரு மேட்சுக்கு ஒன்று, 40 வினாடிக்குள். அமெரிக்க வாராந்திர நிகழ்ச்சிகளில் விளம்பர இடைவேளை பெரும்பாலும் ஹீட்டில்தான் விழும். திரும்பி வரும்போது சின்லாக் ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் எழுதுவது பெரிய நிகழ்ச்சி மேட்ச் என்றால் அந்தப் பழக்கத்தைக் கொண்டுவரத் தேவையில்லை.

முன்வரிசை:

கார்னர்போஸ்ட் சொன்ன அந்தத் தூக்க முடியாத விஷயத்துக்கு நேரடி உதாரணம் 1987 மார்ச் 29, பான்டியாக் சில்வர்டோம், ரெஸில்மேனியா 3. ஹோகன் எதிர் ஆந்த்ரே. மணி அடிச்ச கொஞ்ச நேரத்துலயே ஹோகன் ஆந்த்ரேவைத் தூக்கப் பார்ப்பார், முடியாது, ஆந்த்ரே அப்படியே மேல விழுவார், மயிரிழையில் தப்பிப்பார். அதுக்கப்புறம் முதுகைப் பிடிச்சுக்கிட்டே நடப்பார். நடுவுல நீண்ட பேர் ஹக் (உடம்பைக் கட்டி இறுக்குற பிடி). சுமார் 12 நிமிஷ மேட்ச்ல மொத்த நகர்வுகளை ரெண்டு கை விரல்ல எண்ணிடலாம். ஆனா கடைசியா தூக்கினப்ப அந்த ஸ்டேடியம் போட்ட சத்தம் முதல் முயற்சியில போட்ட விதையோட பலன்.

அதே நாள், அதே ரிங்ல, அதுக்கு நேர் எதிரான கட்டமைப்பும் இருக்கு: ரேண்டி சாவேஜ் எதிர் ரிக்கி ஸ்டீம்போட். சுமார் பதினாலரை நிமிஷம், உங்க அளவுதான். மூன்றாம்கயிறு, தயவு செய்து இதைக் கையில கடிகாரம் வெச்சுக்கிட்டுப் பாருங்க. நியர் ஃபால் மட்டும் போதும்னு சொல்றவங்க எல்லாரும் இந்த மேட்சைத்தான் காட்டுவாங்க, அவ்வளவு நியர் ஃபால் இருக்கு. ஆனா அது ஏன் எடுபட்டதுன்னு பார்க்கணும். சில மாசத்துக்கு முன்னாடி சாவேஜ் ரிங் மணியால ஸ்டீம்போட்டோட தொண்டையை நசுக்கினதா கதை. அதனால ரசிகர்கள் உள்ள வரும்போதே பாதி ஹீட் கட்டி முடிஞ்சிருந்தது. மேட்சுக்குள்ளயும் சாவேஜ் அதே தொண்டையைக் கயிற்றுலயும் தடுப்புலயும் போட்டு அடிக்கிறார். ரிங்குக்குள்ள புதுசா ஒரு காயத்தை அறிமுகப்படுத்த நேரம் செலவாகல.

நியர் ஃபால்களோட வகையையும் கவனிங்க. ஸ்டீம்போட் அடுக்கினதுல பெரும்பாலானவை சுருட்டிப் பிடிக்கிற பின்கள்: சன்செட் ஃபிளிப், ஸ்மால் பேக்கேஜ் மாதிரி. யாரோட பெரிய நகர்வும் அதுல வீணாகல. சாவேஜோட ஃபினிஷர் மேல் கயிற்று எல்போ டிராப். அதை அவர் முழுசா அடிக்கிறார். அடிக்கும்போது ரெஃபரீ டேவ் ஹெப்னர் கீழ விழுந்து கிடக்கார், எண்ண ஆள் இல்லை. எல்போ பட்டா மேட்ச் முடியும்ங்கிற நம்பிக்கை அப்படியே நிக்குது, ஸ்டீம்போட்டும் தோக்கல. அப்புறம் சாவேஜ் மணியை எடுக்கப் போறார், ஸ்டீம்போட் பக்கம் நின்ன ஜார்ஜ் ஸ்டீல் தடுத்து மேல் கயிற்றுல இருந்து தள்ளிவிடுறார். சாவேஜ் எழுந்து பாடி ஸ்லாம் போட முயற்சிக்க, ஸ்டீம்போட் அதையே ஸ்மால் பேக்கேஜா சுருட்டி மூணு. கதையைத் தொடங்கின பொருள், அந்த மணி, கதையை முடிக்கவும் வருது.

சாவேஜ் மேட்சோட ஒவ்வொரு படியையும் முன்கூட்டியே எழுதி எண் போட்டு மனப்பாடம் பண்றவர். ஸ்டீம்போட் ரிங்குக்குள்ள கூட்டத்தைக் கேட்டுக் கேட்டு அடுத்ததைத் தீர்மானிக்கிற பள்ளியில வளர்ந்தவர். நீங்க எழுதுறது சாவேஜ் வழி. அந்த வழியில ஒரு ஆபத்து இருக்கு: எழுதினபடி நகர்வு வரும், கூட்டம் இன்னும் அங்க வந்து சேர்ந்திருக்காது. அதனால ஒவ்வொரு பகுதியோட முடிவுலயும் நகர்வுக்குப் பதிலா கூட்டத்தோட நிலையை எழுதுங்க. "ஹோப் ஸ்பாட் இரண்டு, கைத்தட்டல் உச்சத்துக்கு வந்த பிறகு ஹீல் தொடைக்கு அடி"ன்னு எழுதினா நடத்துறவனுக்குக் காத்திருக்கணும்னு தெரியும்.

மூன்றெண்ணிக்கை:

நியர் ஃபாலும் ஃபினிஷரும் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நடு வரிசை மேட்சுக்கு மூன்று அல்லது நான்கு நியர் ஃபால். சிறியதிலிருந்து பெரியதுக்கு ஏறும் வரிசையில் வையுங்கள்: சுருட்டல் பின், பிறகு ஒரு வழக்கமான அடையாள நகர்வு, பிறகு ஃபினிஷரை ஒட்டிய ஏதோ ஒன்று. பெரியதைக் கொடுத்துவிட்டுப் பிறகு சாதாரண சூப்ளெக்ஸுக்குக் கவர் (பின் செய்ய மேலே படுப்பது) போட்டால் கூட்டம் எண்ணக்கூட மாட்டார்கள். விதிவிலக்கு திடீர்ச் சுருட்டல். அது எங்கே வந்தாலும் நம்பும்படி இருக்கும், ஏனென்றால் அதற்குப் பலம் தேவையில்லை.

கம்பேக்கின் முதல் ஒரு நிமிடத்தில் கவரே வேண்டாம். சத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போது கவர் போட்டால் ஆட்டம் தரைக்கு இறங்கி, சத்தமும் கூடவே இறங்கிவிடுகிறது.

ரெஃபரீயின் கை ஒரே தாளத்தில் விழ வேண்டும். மேட்சின் முதல் எண்ணிக்கையும் கடைசி எண்ணிக்கையும் ஒரே வேகம். நியர் ஃபாலுக்காக மூன்றாவது அடியை அவர் தாமதப்படுத்தினால் அடுத்த எல்லா எண்ணிக்கையும் பொய் என்று கூட்டத்துக்குத் தெரிந்துவிடும். தோளைத் தூக்கும் பொறுப்பு கீழே கிடப்பவருடையது. ஆகவே உங்கள் தாளில் 'ரெஃபரீ மெதுவாக' என்று ஒரு இடத்திலும் எழுதாதீர்கள்.

இனி ஃபினிஷர். கிக்அவுட் கொடுக்கலாம், ஆனால் அது வங்கியிலிருந்து பணம் எடுப்பது போல, முன்பு போட்டு வைத்தது இருந்தால்தான் கிடைக்கும். 2009 ரெஸில்மேனியா 25-இல், ஹூஸ்டனில், அண்டர்டேக்கரின் ஃபினிஷரான டூம்ஸ்டோனிலிருந்து ஷான் மைக்கேல்ஸ் தோளைத் தூக்கினார். அண்டர்டேக்கரின் முகம் மாறியதும் கூட்டம் தலையில் கை வைத்ததும் வேலை செய்ததற்குக் காரணம், டூம்ஸ்டோனிலிருந்து எழுந்தவர்கள் அதற்கு முன் மிகக் குறைவு. மைக்கேல்ஸ் மூன்ஸால்ட்டுக்குப் பாய, அவரைக் காற்றிலேயே பிடித்து இரண்டாவது டூம்ஸ்டோன் போட்டு அந்த மேட்ச் முடிந்தது. உங்கள் ஃபேஸுக்கும் ஹீலுக்கும் அப்படிப்பட்ட பின்னணி கிடையாது என்றால் கிக்அவுட் பூஜ்யம் என்று வையுங்கள்.

கிக்அவுட் இல்லாமல் ஃபினிஷரை வைத்துப் பயமுறுத்த வேறு வழிகள் உண்டு. ரெஃபரீ விழுந்து கிடப்பதை முன்வரிசை சொல்லிவிட்டார். காலைக் கயிற்றில் போடுவது இன்னொன்று: அடி பலித்தது, இடம்தான் தவறு. அடித்தவனே காயத்தால் கவருக்குத் தாமதமாகத் தவழ்ந்து வருவது மூன்றாவது. உங்கள் கதைக்கு இந்த மூன்றாவதுதான் பொருத்தம். ஃபேஸ் மேல் கயிற்றிலிருந்து பாய்கிறான், அடிபட்ட முழங்கால் தரையில் மோதுகிறது, முழங்காலைப் பிடித்துக்கொண்டு நான்கைந்து வினாடி கழித்துக் கவர் போடுகிறான், ஹீல் எழுந்துவிடுகிறான். அந்த நியர் ஃபால் ஐந்து நிமிட ஹீட்டுக்குக் கிடைக்கும் கூலி.

ஃபினிஷரைப் பாதுகாப்பது எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்க்க ஜப்பானின் நியூ ஜப்பான் நிறுவனத்தில் நடந்த ஒகாடா, ஒமேகா மேட்சுகளை வரிசையாகப் பாருங்கள். 2017 ஜனவரி 4, டோக்கியோ டோம், 46 நிமிடம் 45 வினாடி. ஒமேகாவின் ஃபினிஷரான ஒன் விங்டு ஏஞ்சல் ஒருமுறைகூட விழாமல் ஒகாடா தப்பி ஜெயிக்கிறார். ஜூன் 11, ஒசாகா, 60 நிமிட சமன். இந்த முறை அது விழுகிறது, ஒகாடாவின் கால் கயிற்றில் போய்விடுகிறது. ஆகஸ்ட் 12, ஜி1 தொடர், 30 நிமிடக் கெடு, அது விழுகிறது, மூன்று. மறு ஆண்டு ஜூன் 9, மூன்றில் இரண்டு, 720 நாள் சாம்பியனாக இருந்த ஒகாடாவிடமிருந்து பட்டத்தை எடுப்பதும் அதே நகர்வு. ஒகாடாவின் ஃபினிஷரான ரெய்ன்மேக்கரிலிருந்து ஒமேகா பலமுறை எழுந்திருக்கிறார். ஆனால் ஒன் விங்டு ஏஞ்சலிலிருந்து ஒகாடா ஒருமுறையும் எழவில்லை. அதனால் ஒமேகா அவரைத் தோளில் தூக்கும் ஒவ்வொரு தடவையும், அது விழாவிட்டாலும், நியர் ஃபாலுக்குச் சமம்.

மூன்றாம்கயிறு:

ரொம்ப நன்றி. முழங்காலை எடுத்துக்கிறேன். ஆனா ஒரு சிக்கல் வருது. முழங்கால் அஞ்சு நிமிஷம் அடிபட்டவன் கம்பேக்ல எப்படி ஓடுவான்? ஓடலன்னா கம்பேக்ல வேகம் இருக்காது. ஓடினா செல்லிங் (வலிக்கிறதைக் காட்டுறது) பொய்யாகிடும். டேக் டீம் கேள்வியையும் யாராவது எடுத்துக்கோங்க.

கார்னர்போஸ்ட்:

நல்ல கேள்வி. கால் செல்லிங்கில் பாதி மேட்சுகள் இங்கேதான் உடைகின்றன. கம்பேக்கில் ஹீலை ஓட விடுங்கள், ஃபேஸ் ரிங் நடுவில் நிற்கட்டும். ஹீல் பாய்ந்து வர வர, நின்ற இடத்திலிருந்தே சாப், குத்து, ஆர்ம் டிராக். வேகம் கூட்டத்துக்குக் கிடைக்கிறது, அதைத் தருவது ஹீலின் கால்கள். அடித்த பிறகு ஒவ்வொரு முறையும் ஃபேஸ் தொடையைத் தட்டிக்கொள்ளட்டும், முழங்காலை உதறட்டும். ஒரே ஒரு முறை ஓடட்டும், நொண்டிக்கொண்டு, அதற்கும் விலை கொடுக்கட்டும்.

அடிபட்ட காலாலேயே அடிப்பதைத் தவிருங்கள். தவிர்க்க முடியாத நகர்வு என்றால் அடித்தவனுக்கும் வலிக்க வேண்டும்.

இதோடு இன்னொன்று. யார் ஹீட் கொடுக்கிறாரோ அவரைத்தான் கூட்டம் ஹீலாகப் படிக்கும், பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும். 1997 மார்ச் 23, ரெஸில்மேனியா 13, பிரெட் ஹார்ட் எதிர் ஸ்டீவ் ஆஸ்டின், சப்மிஷன் மேட்ச் (பிடியில் சிக்கி விட்டுக்கொடுத்தால் தோல்வி), கென் ஷாம்ராக் ரெஃபரீ. உள்ளே வரும்போது ஆஸ்டின் ஹீல். பார்வையாளர்கள் நடுவே அடிதடி முடிந்து ரிங்குக்குள் வந்த பிறகு, ஆஸ்டினின் முழங்காலைப் பொறுமையாகக் குறிவைத்து உடைப்பது பிரெட். கம்பத்தில் காலைச் சுற்றி ஃபிகர் ஃபோர், நாற்காலி எல்லாம் அவர் கையில். ஆஸ்டின் தப்பிக்கப் போராடுகிறார், ரத்தம் வழிகிறது, பிரெட்டின் ஷார்ப்ஷூட்டர் பிடியில் 'போதும்' என்று சொல்லாமல் மயங்கிப்போகிறார். மணி அடித்த பிறகும் பிரெட் அடிக்கிறார். ஆஸ்டின் யார் உதவியும் இல்லாமல் நடந்து போகிறார். மைக்கில் ஒரு வார்த்தை இல்லாமல் இருவரும் இடம் மாறிவிட்டார்கள். அதைச் செய்தது நடுப்பகுதியின் அடுக்கு. நீங்கள் வெட்ட நினைத்த பகுதிக்கு இவ்வளவு சக்தி இருக்கிறது. தவறாக எழுதினால் உங்கள் ஃபேஸே ஹீலாகிவிடவும் கூடும்: ஷைனில் அவன் ஹீலை நான்கு நிமிடம் ஒரே காலைப் பிடித்து முறுக்கினால் கூட்டம் ஹீல் பக்கம் சாய ஆரம்பிக்கும்.

ஹாட்டேக்:

டேக் டீமுக்கு என் பதில்.

அடுக்கு அதேதான், ஆனா கம்பேக்கைச் செய்யுறவர் வேற ஆள். அடி வாங்குறவர் ஒருத்தர், அவருக்காகப் பழி தீர்க்க ஏப்ரன்ல (கயிற்றுக்கு வெளிய ரிங்கோட விளிம்பு) காத்திருக்கிறவர் இன்னொருத்தர். அதனால ஹீட் இன்னும் நீளமாப் போகலாம். 15 நிமிஷத்துல ஆறு, ஆறரை நிமிஷம் தாங்கும். ரிக்கி மார்டனும் ராபர்ட் கிப்சனும் சேர்ந்த ராக் அண்ட் ரோல் எக்ஸ்பிரஸ் 1980-களில் இதையே கலையா மாத்தினாங்க. அடி வாங்குறது மார்டன், டேக் வாங்கிக்கிறது கிப்சன். இன்னிக்கும் அந்த அடி வாங்குற பாத்திரத்துக்கே மார்டன் பேரைச் சொல்றாங்க. மிட்நைட் எக்ஸ்பிரஸோட அவங்க ஆடின மேட்சுகள் எதை எடுத்தாலும் பாடம்தான், ஜிம் கோர்னெட்டோட டென்னிஸ் ராக்கெட் உட்பட.

வேலை நடக்கிற விதம் இது. ஹீல்கள் ரிங்கைப் பாதியா வெட்டி, தங்க மூலைப் பக்கமே ஆட்டத்தை வெச்சுக்கணும். அடி வாங்குறவர் எதிர் மூலைக்குத் தவழ்ற தூரம் கூட்டத்துக்குக் கண்ணால தெரியணும். ஏப்ரன்ல நிக்கிற கூட்டாளி கோபத்துல உள்ள வரப் பார்க்கணும், ரெஃபரீ அவரைத் தடுக்கத் திரும்பணும், அந்த நேரத்துல ஹீல்கள் ரெண்டு பேரும் சேர்ந்து அடிக்கணும். நல்லவனோட கோபமே நண்பனுக்குக் கெடுதல் ஆகுது, அதனாலதான் அது வயித்தைப் பிசையும். ரெண்டு தடவை போதும். மூணாவது தடவையும் வந்தா, இவனுக்குப் புத்தியே இல்லையான்னு கூட்டம் கேக்கும்.

சிங்கிள்ஸ்ல ரெண்டாவது ஹோப் ஸ்பாட் இருக்குற இடத்துல இங்க தவறவிட்ட டேக் வரும். கை தொட்டாச்சு, கூட்டம் எழுந்தாச்சு, ஆனா ரெஃபரீ பார்க்கல, கூட்டாளியைத் திருப்பி அனுப்பிடுறார், ஹீல் காலைப் பிடிச்சு இழுத்துட்டுப் போறார். இதுக்கப்புறம் நிஜ டேக் வர ரொம்ப இழுக்காதீங்க. ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம். இழுத்தா கொதிச்ச பால் ஆறிடும்.

ஹாட் டேக் வாங்கி உள்ள வர்றவர் எளிய நகர்வுகளைத்தான் செய்யணும். குளோத்ஸ்லைன், இன்னொரு குளோத்ஸ்லைன், பாடி ஸ்லாம், ஏப்ரன்ல இருக்கிற ஹீலுக்கு ஒரு குத்து. இந்த இடத்துல சிக்கலான நகர்வைத் தொடங்கினா ஒரு சறுக்கல் போதும், ஆறு நிமிஷ உழைப்பு போயிடும். பெரிய தப்பு இன்னொண்ணு: அடி வாங்கினவர் அரை நிமிஷத்துல எழுந்து ஜோடி நகர்வுல கலந்துக்கிறது. அவர் குறைஞ்சது ஒன்றரை நிமிஷம் வெளியில கிடக்கணும். அவர் எழுந்து வர்றதே கடைசிக் கட்டத்துல ஒரு துருப்புச் சீட்டு.

யார் சட்டப்படி உள்ள இருக்கிற ஆள்ங்கிறதைத் தாள்ல ஓரத்துல குறிச்சுக்கிட்டே வாங்க. நாலு பேரும் உள்ள வந்து அடிச்சுக்கிட்ட பிறகு தப்பான ஆளைப் பின் பண்ணி முடிக்கிறது எழுதுறப்போ அடிக்கடி நடக்கும்.

டெர்செரா:

மேலே சொன்னது எல்லாம் அமெரிக்க இலக்கணம். அதை எல்லா இடத்துக்கும் பொது என்று எடுத்துக்கொண்டால் தவறிப்போவீர்கள்.

மெக்சிகோவின் லுச்சா லிப்ரேவில் மரபான மேட்ச் மூன்றில் இரண்டு. ரூடோக்கள், அதாவது ஹீல்கள், முதல் சுற்றை அடித்துப் பிடுங்குவார்கள். டெக்னிக்கோக்கள், அதாவது ஃபேஸ்கள், இரண்டாவதில் திரும்புவார்கள். மூன்றாவது யாருக்கும் போகலாம். ஹீட், கம்பேக், கடைசிக் கட்டம் மூன்றும் மூன்று சுற்றாகப் பிரிந்துவிடுகின்றன. அங்கே உடலின் வலது பக்கத்தில் வேலை செய்வார்கள். கூட்டாளி ரிங்கை விட்டுத் தரையில் இறங்கினாலே அடுத்தவர் டேக் இல்லாமல் உள்ளே வரலாம். அதனால் ஹாட்டேக் சொன்ன அந்தத் தவழ்ந்துபோகும் நாடகத்துக்கு அங்கே இடமே கிடையாது. மூவர் மூவராக ஆடும்போது ஹீட் வருவது மூன்று ரூடோக்கள் ஒருவனைச் சூழ்ந்து முகமூடியைக் கிழிப்பதில்.

ஜப்பானில் பெரிய சிங்கிள்ஸ் மேட்சுகளுக்கு ஷைன், ஹீட் என்ற பிரிவு தெளிவாக இருக்காது. நிதானமான தொடக்கம், நடுவில் யாருடைய எந்தப் பகுதி உடைகிறது என்ற சோதனை, கடைசிப் பத்து நிமிடம் சரிசமமான மோதல். வெளியே விழுந்தவருக்கு டபிள்யூ.டபிள்யூ.இ.யில் 10 எண்ணுவார்கள் என்றால் நியூ ஜப்பானில் 20. அதனால் வெளியே நடக்கும் அடியிலும் கடைசி நொடியில் உள்ளே உருண்டு வருவதிலும் எழுதுபவருக்கு அதிக இடம் கிடைக்கிறது.

மூன்றெண்ணிக்கை சொன்ன ஏறும் வரிசைக்கு ஓர் எச்சரிக்கையும் சேர்க்க வேண்டும். 1990-களின் ஆல் ஜப்பான் நிறுவனத்தில் மிசாவா, கவாடா, கோபாஷி ஆகியோர் அந்த வரிசையை ஒரு மேட்சோடு நிறுத்தாமல் ஆண்டுக்கணக்கில் ஏற்றினார்கள். 1994 ஜூன் 3 அன்று நடந்த மிசாவா, கவாடா மேட்ச் அதன் சிகரங்களில் ஒன்று. போன ஆண்டு முடித்த நகர்வு இந்த ஆண்டு நியர் ஃபால் ஆகும், அதைவிடப் பெரியது தேவைப்படும். கடைசியில் கழுத்திலும் தலையிலும் விழுவதுதான் மிச்சம். கதையாக அது மகத்தானது. உடலாக அது தாங்க முடியாதது. மிசாவா 2009 ஜூன் 13 அன்று ஹிரோஷிமாவில் ஒரு பேக் சூப்ளெக்ஸுக்குப் பிறகு எழவே இல்லை. பல ஆண்டுகளாகக் கழுத்தில் சேர்ந்த அடிகள் அதற்குப் பின்னால் இருந்தன. கற்பனை மேட்ச் எழுதும்போதும் தலையில் விழும் நகர்வை எண்ணிக்கை ஏற்றப் பயன்படுத்தாதீர்கள். ஒரு முழங்காலும் தாமதமான கவரும் அதே வேலையைச் செய்யும் என்று மேலே காட்டியிருக்கிறார்கள்.

மூன்றாம்கயிறு:

நிறைய கிடைச்சுது, எல்லாருக்கும் நன்றி. இப்ப அடுக்கு: முதல் நிமிஷம் தூக்க முயற்சி தோல்வி. ஷைன்ல ரெண்டு பாய்ச்சல், மூணாவதுல ஹீல் விலகி, இடது முழங்கால் வெளியில தடுப்புல மோதுது. ஹீட் முழுக்க அந்த முழங்கால். ஹோப் ஸ்பாட் ரெண்டு. கம்பேக் நின்ன இடத்துல. தாமதமான கவர். அப்புறம் ஸ்லாம், முடிவு.

போட்டியில ஒரு விதி இருக்கு. நடுவர்கள் கடைசி நேரத்துல 15 நிமிஷத்தை 11 ஆக்கலாம். எதை வெட்டணும்?

கார்னர்போஸ்ட்:

நிஜ நிகழ்ச்சியிலும் இது நடக்கும். ரெஃபரீ காதில் இருக்கும் கருவி வழியாகச் சொல்வார்கள், அவர் இருவரிடமும் முணுமுணுப்பார். அதனால் எங்கே வெட்டலாம் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் ஷைனில் ஒன்றரை நிமிடம் போகட்டும், ஆனால் தூக்கும் முயற்சி இருக்கட்டும். பாய்ச்சல் ஒன்று பலித்தால் போதும், இரண்டாவதிலேயே ஹீல் விலகட்டும். அடுத்து ஹீட்டில் முதல் ஹோப் ஸ்பாட்டும் சின்லாக்கும், மொத்தம் ஒன்றரை நிமிடம். இரண்டாவது ஹோப் ஸ்பாட்டைத் தொடாதீர்கள். மீதி ஒரு நிமிடம் கடைசிக் கட்டத்தில் இரண்டு சிறிய நியர் ஃபால்களிலிருந்து வரட்டும். கம்பேக்கின் இரண்டு நிமிடமும் தாமதமான கவரும் முழுதாக நிற்க வேண்டும்.

உங்கள் ஸ்லாமில் ஒரு திருத்தம். ஃபேஸ் தூக்கும்போது முழங்கால் ஒருமுறை மடங்கட்டும், ஹீல் மேலே சாயட்டும், அங்கே ஒரு இரண்டெண்ணிக்கை. ஹோகனுக்கு முதல் நிமிடத்தில் நடந்ததை நீங்கள் 13-ஆவது நிமிடத்தில் திரும்ப நடத்துகிறீர்கள். உடனே ஹீல் கயிற்றில் பட்டுத் திரும்பி வரும் வேகத்தை வைத்து ஃபேஸ் தூக்கட்டும், அப்போது 30 கிலோ வித்தியாசம் நம்பும்படி இருக்கும். 11 நிமிடமாகக் குறைந்தாலும் இந்த இருபது வினாடிக்கு இடம் ஒதுக்குங்கள்.